நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை

சிகிச்சை அறையின் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது, ஆனால் கேட்கிறது. இரண்டரை வயதுக் குழந்தை. ஒரு ஆயா தோள்களை அழுத்திப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் முழங்கால்களை. முந்தின இரவிலிருந்து தூங்காத பயிற்சி மருத்துவர் மூன்றாவது தடவையாக முயற்சி செய்கிறார். பெற்றவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மும்பையோ கொல்கத்தாவோ, எந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் அரை நாள் காத்திருந்தால் இந்த அழுகை காதில் விழும். சிறுநீர்ப் பைக்குள் குழாய் செலுத்துகிறார்கள். கதீட்டர் என்பது மருத்துவர்களின் பெயர். வார்டில் அதற்கு 'டியூப் போடுவது' என்று பெயர்.

அதே கட்டடத்தில் இரண்டு மாடி ஏறினால், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளிகள் கூடத்தில், அதே வயதில் இன்னொரு குழந்தையைப் பார்க்கலாம். அம்மாவின் மடியில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். அம்மா நர்ஸாகவோ டாக்டராகவோ இருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவராகவும் இருக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, டப்பாவிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, நுனியில் ஜெல்லி தடவி உள்ளே செலுத்துவார். சிறுநீர் கிண்ணத்தில் விழும். குழாயை வெளியே எடுத்து, கழுவி, குழந்தைக்கு ஜட்டி மாட்டிவிடுவார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது. இதையே அவர் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை செய்கிறார், வருடம் முழுக்க. குழந்தை அழுவதில்லை. பிஸ்கட் தீர்ந்துபோனால் அழலாம்.

இரண்டு இடத்திலும் குழாய் ஏறக்குறைய ஒன்றுதான்.

யாருக்கு இது தேவைப்படுகிறது? ஒரே ஒரு தடவை தேவைப்படுகிறவர்கள் நிறைய. காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்குச் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு குழந்தைக்குச் சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி எக்ஸ்ரே எடுத்து, சிறுநீர் கழிக்கும்போது அது சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறுகிறதா என்று கண்டறிய வேண்டும். ஆனால் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தவர்கள். கருவில் முதல் நான்கு வாரங்களில் மூடிக்கொள்ள வேண்டிய முதுகெலும்பின் ஒரு பகுதி மூடாமல் நின்றுவிட, தண்டுவட நரம்புகள் பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள். கால்கள் எந்த அளவு இயங்கும் என்பது பழுது எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்தது. சிறுநீர்ப்பை மட்டும் அநேகமாக எல்லோருக்கும் பாதிக்கப்படுகிறது. இவர்களைத் தவிர சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே தடுப்புச் சவ்வோடு பிறக்கும் ஆண் குழந்தைகள், விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள்.

சிறுநீர்ப்பை ஒரு பலூன் மாதிரி விரிந்து, நிரம்பியதும் மூளையின் உத்தரவு கிடைத்தால் சுருங்க வேண்டும். சுருங்கும் அதே நேரம் வாசலில் உள்ள தசை வழிவிட வேண்டும். நரம்பு பழுதானால் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. பை சுருங்குகிறது, வாசல் திறப்பதில்லை. அல்லது பை சுருங்குவதே இல்லை, நிரம்பி வழிகிறது. வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரிவது எந்நேரமும் ஈரமான உள்ளாடை மட்டும். 'ஒண்ணுக்கு போய்க்கொண்டுதானே இருக்கிறான்' என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சிறுநீரகத்தை நோக்கி. 1981இல் அமெரிக்காவில் எட்வர்ட் மெக்கையரும் சகாக்களும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து ஒரு எல்லைக்கோட்டைக் கண்டார்கள்: 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்கு மேல் போன பிறகே கசிவு தொடங்குகிற குழந்தைகளுக்குத்தான் சிறுநீரகம் கெடும் ஆபத்து அதிகம். இது ஓசையில்லாமல் நடக்கும் சேதம். வலி கிடையாது. ஏழு எட்டு வயதில் குழந்தை வளரவில்லை, ரத்தசோகை என்று யாரோ ஒரு டாக்டரிடம் காட்டும்போது, சிறுநீரகங்கள் பாதி போயிருக்கும். நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு டயாலிசிஸ் என்பது ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இதைத் தடுக்க ஒரு குழாய் போதும் என்பது மருத்துவ உலகுக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது. குழாய் என்னவோ பழையது. வெசுவியஸ் எரிமலை மூடிப் புதைத்த பொம்பெயி நகரத்தின் இடிபாடுகளில் 'எஸ்' வடிவில் வளைந்த உலோகக் குழாய்கள் கிடைத்தன. இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752இல் தன் அண்ணன் ஜான் கல்லடைப்பால் அவதிப்படுவதைப் பொறுக்காமல், பிலடெல்பியாவின் வெள்ளி ஆசாரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கி வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்து அனுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது. பிரெஞ்சு அறுவை நிபுணர் நெலட்டனின் பெயரில் இன்றும் மருந்துக் கடைகளில் விற்கிற சாதாரணக் குழாய் அந்த வம்சம்தான். எல்லாம் இருந்தும், ஸ்பைனா பிஃபிடாக் குழந்தைகளுக்கு 1960களில் கிடைத்தது வேறு வைத்தியம். வயிற்றை அழுத்திச் சிறுநீரைப் பிதுக்கினார்கள். இல்லையானால் குடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீரை வயிற்றின் மேல்புறத்துக்குத் திருப்பி, அங்கே ஒரு பையை ஒட்டினார்கள். வருடங்கள் கழித்துப் பார்த்தபோது அப்படித் திருப்பிய பல குழந்தைகளுக்கும் சிறுநீரகம் கெட்டிருந்தது.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன் (பாராலிம்பிக் போட்டிகளின் தந்தை என்று உலகம் அறிந்தவர்) ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கு இடைவெளி விட்டுக் குழாய் செலுத்திச் சிறுநீரை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய கையுறை, கருவி, துணி எல்லாம் வேண்டும். அறுவை அரங்கின் ஆசாரம். வீட்டில் செய்கிற காரியமல்ல.

ஆசாரத்தை உடைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடெஸ். கிருமி உள்ளே போவதால் மட்டும் தொற்று வருவதில்லை, பை அளவுக்கு மீறி விரிந்து அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும்போதுதான் கிருமிக்கு இடம் கிடைக்கிறது என்பது அவருடைய வாதம். அப்படியானால் முக்கியம் சுத்தமான கையும் தவறாத நேரமும்தான், கையுறை அல்ல. சோப்பும் தண்ணீரும் போதும். டாக்டர்கள் டியோக்னோ, சில்பர் ஆகியோரோடும் பெட்டி லோ என்கிற நர்ஸோடும் சேர்ந்து அவர் 1972இல் இதை எழுதி வெளியிட்டபோது சிறுநீரகவியல் நிபுணர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அரைநூற்றாண்டு தாண்டியும் அந்த முறையை விஞ்சியது எதுவும் வரவில்லை. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஒரு நர்ஸின் பெயர் இருந்தது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. நோயாளிகளுக்குக் கையைப் பிடித்துக் கற்றுத்தரும் வேலை அன்றும் இன்றும் நர்ஸ்களுடையதுதான்.

அப்படிக் கற்றுத்தரும் நர்ஸ் ஒருவர் தாய்க்கு முதலில் சொல்வது குழாயைப் பற்றி அல்ல. கையைப் பற்றி. மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். சோப்பு நுரை விரல் இடுக்கிலெல்லாம் போக வேண்டும். பிறகு சாமான்களை எட்டுகிற தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: குழாய், ஜெல்லி, சிறுநீர் பிடிக்க அளவுக் கிண்ணம், நனைத்த சுத்தமான துணி. பாதி வேலையில் எழுந்து போய்த் துண்டு எடுக்கிற அம்மாவைப் பார்த்துத்தான் குழந்தை கலவரப்படுகிறது.

குழாயின் பருமனை பிரெஞ்ச் அளவில் சொல்வது வழக்கம். ஒரு பிரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கு 5 அல்லது 6, நடக்கிற வயதில் 6 முதல் 8, பள்ளி வயதில் 8 முதல் 10 என்பது உத்தேசக் கணக்கு. மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். மெல்லியது என்றால் வலி குறைவு என்று நினைத்து மிக மெல்லிய குழாயைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கல் உண்டு. அது வழியில் மடங்கும், சிறுநீர் வடிய நேரம் பிடிக்கும், குழந்தை பொறுமை இழக்கும். நம் மருத்துவமனைகளில் கைக்குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் புகட்டும் மெல்லிய குழாயையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். விலையும் குறைவு, கிடைப்பதும் எளிது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்பைனா பிஃபிடாக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை மற்றவர்களைவிட மிக அதிகம். ரப்பர் குழாய், ரப்பர் கையுறை, ஏன், ரப்பர் பலூன்கூட அவர்கள் பக்கம் வரக்கூடாது. பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான்தான்.

பெண் குழந்தைக்கு வழி குட்டை, சுமார் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கஷ்டம் வழியில் இல்லை, வாசலைக் கண்டுபிடிப்பதில். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களைத் தவளை மாதிரி அகட்டி, இடது கை விரல்களால் இதழ்களை விலக்கி, முன்னிருந்து பின்னாக ஒரே துடைப்பு. யோனித் துவாரத்துக்குச் சற்று மேலே ஊசிமுனை அளவில், சில சமயம் ஒரு சிறு பள்ளம்போல மட்டும், சிறுநீர்த் துவாரம் தெரியும். விலக்கிய இதழ்களை லேசாகத் தன் பக்கம் இழுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். புதிதாகக் கற்கிற அம்மாவின் குழாய் தவறான துவாரத்துக்குள் போவது சகஜம். போனது தெரியும், சிறுநீர் வராது. இங்கேதான் அனுபவசாலி நர்ஸ் ஒரு உபாயம் சொல்வார். அந்தக் குழாயை உருவ வேண்டாம், அங்கேயே அடையாளமாக இருக்கட்டும், வேறு சுத்தமான குழாயை எடுத்து அதற்கு மேலே முயற்சி செய்யுங்கள். உருவி அதையே மறுபடி செலுத்தினால் கிருமியையும் சேர்த்துச் செலுத்துவதாகும். சிறுநீர் வந்ததும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.

ஆண் குழந்தையிடம் தவறு வேறு இடத்தில் நேர்கிறது. கைக்குழந்தைகளின் முன்தோல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அது இயற்கை. அதைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கிழியும், ரத்தம் வரும், பிறகு தழும்பு இறுகி உண்மையாகவே தோல் திறக்காமல் போகும். துவாரம் கண்ணில் படும் அளவுக்கு மெதுவாக விலக்கினால் போதும். விலக்கிய தோலை வேலை முடிந்ததும் மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். குறியை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே உள்ள வளைவு நேராகும். ஜெல்லியைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஆணின் வழி நீளம். முக்கால் தூரம் போனதும் குழாய் ஓரிடத்தில் நிற்கும்.

குழந்தை அழுவதும் அழாமலிருப்பதும் அந்த இடத்தில் தீர்மானமாகிறது. அங்கே இருப்பது சுவர் அல்ல, இறுகியிருக்கும் தசை. அவசரப்படுகிற கை அங்கே அழுத்துகிறது. அழுத்தினால் தசை மேலும் இறுகும், குழந்தை வீறிடும், வீறிட்டால் இன்னும் இறுகும். தெரிந்த கை அங்கே நின்றுவிடுகிறது. குழாயைப் பின்னால் இழுப்பதில்லை, முன்னால் தள்ளுவதில்லை, மெல்லிய அழுத்தத்தோடு சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தையை மூச்சை நீளமாக விடச் சொல்கிறது, அல்லது இருமச் சொல்கிறது. பத்து இருபது வினாடியில் தசை களைத்து வழிவிடும். குழாய் தானே வழுக்கிக்கொண்டு போவது விரலுக்குத் தெரியும். வழிவிடவே இல்லையென்றால் வெளியே எடுத்துவிட்டு, குழந்தை சமாதானமான பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலத்தைப் பிரயோகிக்கிற கட்டம் எதிலுமே கிடையாது. ரத்தம் வந்தாலோ, இரண்டு மூன்று முறை முயன்றும் போகாவிட்டாலோ, காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எடுப்பதும் நிதானமாக. வடிதல் நின்றதும் சிறிது சிறிதாக இழுத்தால், நடுவில் மறுபடி சிறுநீர் வரும். அங்கே நிறுத்த வேண்டும். பையின் அடியில் தேங்கியிருப்பதுதான் கிருமிக்கு வீடு.

வலியைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஸ்பைனா பிஃபிடாக் குழந்தைகளில் பலருக்கு அந்தப் பகுதியில் உணர்ச்சியே குறைவு. குழாய் அவர்களுக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. பயமுறுத்துவது பிடித்து அழுத்தும் கைகளும், அம்மாவின் முகமும்தான். மாறாக, தடுப்புச் சவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்த சிறுவனுக்கு உணர்ச்சி முழுமையாக இருக்கும். அவனிடம் 'வலிக்காது' என்று சொல்வது பொய். ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்த நூறு தடவைக்கு நம்ப மாட்டான். 'சில்லென்று இருக்கும், கொஞ்சம் அழுத்தும், ஒண்ணுக்கு வருவது மாதிரி இருக்கும்' என்பது உண்மை. குழந்தைகள் உண்மையைச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி உதவுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2003இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு அது பயன்பட்டது. 2005இல் வெளியான மற்றொன்றில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதற்கும் சாதாரண ஜெல்லிக்கும் வித்தியாசம் தென்படவில்லை. நடைமுறையில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை: அந்த ஜெல்லியைப் போட்டபின் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். போட்ட கையோடு குழாயைச் செலுத்தினால் அது விலை அதிகமான வழுக்கு எண்ணெய், அவ்வளவுதான். தினம் ஐந்து முறை செய்கிற குழந்தைக்கு அது தேவையும் இல்லை. ஒருமுறை செய்கிற, உணர்ச்சி உள்ள, பயந்திருக்கிற பெரிய குழந்தைக்குக் காத்திருந்து போடலாம்.

ஜெல்லியைவிடப் பலன் தருவது மடி என்று சொல்லலாம். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டால், குழந்தைக்குக் கட்டிப்போட்ட உணர்வு வராது, கட்டுக்குள்ளும் இருக்கும். சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்வது குழந்தைகள் வார்டுகளில் பெயர் பெற்ற தந்திரம். குமிழி பெரிதாக வர வேண்டுமானால் நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். அப்படி ஊதுகிறவன் அடிவயிற்றை இறுக்க முடியாது. பொம்மைக்கு முதலில் 'டியூப் போட்டு'க் காட்டுவது மற்றொன்று. பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு நாக்கில் சில சொட்டு சர்க்கரைத் தண்ணீர், அல்லது தாய்ப்பால். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் இதே எக்ஸ்ரே பரிசோதனைக்கு வந்த, முன்பே ஒருமுறை பட்டுப் பயந்துபோயிருந்த 44 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சுய மனோவசியம் கற்றுக்கொடுத்தார்கள்: கண்ணை மூடிப் பிடித்த இடத்துக்குக் கற்பனையில் போய்விடுவது. 2005இல் வெளியான முடிவின்படி அவர்கள் குறைவாக அழுதார்கள். பரிசோதனையும் சுமார் 14 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. நம் மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்கள் அந்த 14 நிமிடத்தைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் குழாய் இப்போது தேவையா? காய்ச்சல் குழந்தையின் சிறுநீர் மாதிரி எடுக்க வேறு வழிகள் வந்திருக்கின்றன. ஒட்டுப் பையில் பிடிக்கிற சிறுநீர் நம்பகமானதல்ல. தோலில் உள்ள கிருமியும் சேர்ந்துவிடும், இல்லாத தொற்றுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்க நேரிடும். ஆனால் நேராகக் குப்பியில் பிடிப்பது நல்ல முறை. 2013இல் ஸ்பெயின் மருத்துவர்கள் ஒரு மாதத்துக்குட்பட்ட 80 சிசுக்களிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். பால் கொடுத்த பின் குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி, அடிவயிற்றில் விரலால் லேசாகத் தட்டி, முதுகின் அடிப்பகுதியை வட்டமாகத் தேய்த்தார்கள். 86 சதவிகிதம் பேர் சிறுநீர் கழித்தார்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். 2017இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்த்தபோது ஐந்து நிமிடத்துக்குள் 31 சதவிகிதக் குழந்தைகள் கழித்தார்கள். தேய்க்காதவர்களில் 12 சதவிகிதம் மட்டுமே. குழந்தையைக் காலில் உட்காரவைத்து 'உஸ்ஸ்ஸ்' என்று ஓசை எழுப்பும் நம் பாட்டிமார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது. குழந்தை ஆபத்தான நிலையில் இருந்தால் காத்திருக்க முடியாது, குழாய்தான். மற்ற வேளைகளில் ஐந்து நிமிடம் யாரையும் கெடுத்துவிடாது.

தினம் போட வேண்டியவர்களின் வீட்டுக் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு ஐந்து, மாதத்துக்கு நூற்றைம்பது தடவை. பொட்டலத்தில் 'ஒருமுறை மட்டும்' என்று அச்சிட்டிருந்தாலும், இந்தியாவில் பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவர் சொன்னபடி கழுவி, உள்ளும் புறமும் தண்ணீர் ஓடவிட்டு, உலர்த்தி, மூடிய டப்பாவில் வைத்து மறுபடி பயன்படுத்துகின்றன. இது சரியா என்பது உலகம் முழுக்க விவாதத்தில் இருக்கிறது. லாபிடெஸின் நோயாளிகளும் கழுவித்தான் பயன்படுத்தினார்கள் என்பதும் நினைவிருக்க வேண்டும். முரடாகிப்போன, நிறம் மாறிய, மடிப்பு விழுந்த குழாயைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் தகராறு இல்லை. இன்னொரு செலவையும் தவிர்க்கலாம். குழாய் போடுகிற குழந்தையின் சிறுநீரைப் பரிசோதித்தால் எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். காய்ச்சல், வலி, நாற்றத்தோடு கலங்கல், புதிதாகக் கசிவு என்று எதுவும் இல்லாதபோது அந்த அறிக்கையைப் பார்த்து ஆண்டிபயாடிக் கொடுத்தால், நிஜமாகத் தொற்று வருகிற நாளில் மருந்து கேட்காது.

பணத்தைவிடப் பெரிய தடை பள்ளிக்கூடம். காலை எட்டரைக்கு உள்ளே போகிற குழந்தை பகல் பன்னிரண்டரைக்குக் குழாய் போட்டாக வேண்டும். பல அம்மாக்கள் பள்ளி வாசலிலேயே காத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேலையை விடுகிறார்கள். மற்றவர்கள் குழந்தையை நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. டெக்சாஸ் மாநிலம் இர்விங் நகரில் ஸ்பைனா பிஃபிடா உள்ள ஆம்பர் டாட்ரோ என்ற சிறுமிக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட வேண்டும். அது மருத்துவ சிகிச்சை, எங்கள் வேலையல்ல என்றது பள்ளி நிர்வாகம். 1979இல் தொடங்கிய வழக்கில் 1984இல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பர்கர் எழுதியது: ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியில் சாதாரண ஆள் கற்றுக்கொள்ளக்கூடிய, சில நிமிடத்தில் முடிகிற இந்த உதவி இல்லாவிட்டால் குழந்தையால் வகுப்பில் இருக்கவே முடியாது, எனவே பள்ளியே செய்துதர வேண்டும். ஆம்பரின் பெற்றோர் மட்டுமல்ல, பதின்வயது அண்ணனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணும்கூட இதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்ற விவரமும் தீர்ப்பில் இருக்கிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் குழந்தைக்குத் தேவையான ஆதரவைத் தர வேண்டும் என்கிறது. சாய்தளம் கட்டுகிறார்கள். பன்னிரண்டரை மணிக்குத் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறையும், பக்கத்தில் நிற்க ஒரு ஆயாவும் அந்த 'ஆதரவு' என்ற சொல்லில் அடங்குமா என்று எந்தத் தலைமை ஆசிரியரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தாரை வழியே போடுவது ஒத்துவராது. வலி தாங்காத சிறுவர்கள், சக்கர நாற்காலியிலிருந்து குனிய முடியாத சிறுமிகள். 1980இல் பால் மிட்ரோஃபனோஃப் என்ற பிரெஞ்சு மருத்துவர் அவர்களுக்காக ஒரு வழி செய்தார். எதற்கும் உதவாதது என்று கருதப்படும் குடல்வாலின் ஒரு முனையைச் சிறுநீர்ப்பையிலும் மறுமுனையை வயிற்றின் தோலிலும் தைத்துவிட்டார். அந்த வழியே குழாய் போட்டுக்கொள்ளலாம், சட்டையை மட்டும் தூக்கினால் போதும். இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஸ்பைனா பிஃபிடாவையே பெருமளவு தடுக்க முடியும் என்பதும் தெரிந்த செய்திதான். முன்பே அப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் மறுபடி நேர்வது 72 சதவிகிதம் குறைகிறது என்று 1991இலேயே பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் காட்டிவிட்டது. கர்ப்பம் உறுதியான பிறகு கொடுக்கிற மாத்திரை இதற்குப் பிந்திவிடுகிறது.

குழந்தைக்கு ஐந்து ஆறு வயதாகும்போது நல்ல கிளினிக்குகளில் ஒரு மாற்றம் தொடங்கும். முதலில் ஜெல்லியை மட்டும் குழந்தை தடவும். பிறகு குழாயை எடுத்துக் கொடுக்கும். பிறகு உருவுவது அதன் வேலை. பெண் குழந்தையானால் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தரங்க இடத்தைப் பிறர் தொடுவதற்குப் பழகிப்போன குழந்தைகள் இவர்கள் என்பதால், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதை மற்றக் குழந்தைகளுக்குச் சொல்வதைவிட முன்னதாகவே சொல்லித் தருகிறார்கள். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் 'ஆரம்பிக்கலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ஏழு எட்டு வயதில் பலரும் தாங்களே செய்துகொள்கிறார்கள், தொடக்கத்தில் சிந்திக்கொண்டும் சலித்துக்கொண்டும். நர்ஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், கையைக் கட்டிக்கொண்டு. உதவி செய்ய முன்னால் வருகிற அம்மாவை அவர் தடுப்பார்.

"விடுங்கம்மா. அவளே பார்த்துக்கட்டும்."

கிண்ணத்தில் சிறுநீர் விழும் சத்தம் கேட்கும்வரை மூன்று பேரும் பேசுவதில்லை.